போர்மேன் வீட்டு ஜெனரேட்டர்

எங்கள் தெருவில் எல்லா வீட்டுக் கதவுகளும் உள்பக்கம் திறக்கும். கோட்டைச்சாமி அண்ணாச்சி வீட்டுக் கதவுகள் மட்டும் வெளிப்பக்கம் திறக்கும். முன்வாசல், பின்வாசல், படுக்கையறை, குளியலறை எல்லாமே அப்படித்தான். வீடு கட்டும்போது ஆசாரி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம். சாரல் அடிக்கும், கதவு சீக்கிரம் உளுத்துப்போகும் என்றாராம். "உள்ள இருக்கவன் ஓடி வாறப்ப கதவைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு நிக்க முடியுமா?" என்று கேட்டு அண்ணாச்சி அவர் வாயை அடைத்துவிட்டார். பட்டாசுக் கம்பெனியில் அறைக்கதவுகள் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆயுசில் பாதிக்குமேல் அந்த அறைகளில் கழித்த மனுஷருக்கு வீடும் ஒரு அறைதான்.

நான் ரீனா, அடுத்த வீடு. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பதால் தெருவுக்கே சிஸ்டர். அண்ணாச்சியோடு நான் சிரித்ததும் உண்டு, மல்லுக்கு நின்றதும் உண்டு. சமையல் கேஸ் சிலிண்டரைச் சுவருக்கு வெளியே வைத்துக் குழாய் போட்டு அடுப்புக்கு எடுத்திருப்பார். ஊதுபத்தியை முற்றத்து மண்தொட்டியில்தான் குத்துவார். "வாசம் வேணும்னா சாமி வெளிய வந்து மோந்துக்கிட வேண்டியதுதான்" என்று அவர் மனைவி பொன்னுத்தங்கம் மதினி கேலி பேசுவார். தீபாவளியன்று ஊரே வெடி போட்டுக்கொண்டிருக்க, அண்ணாச்சி இரண்டு வாளித் தண்ணீரை முன்னால் வைத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நாட்டுக்கெல்லாம் பட்டாசு செய்து அனுப்பியவர் வீட்டில் ஒரு கம்பி மத்தாப்பு கொளுத்தி நான் பார்த்ததில்லை.

அவர் பிறந்தது ஆனைக்குட்டம் பக்கம். எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டுக் கம்பெனியில் லோடு ஏற்றப் போனார். பிறகு மருந்து அறைக்கு மாறினார். பட்டாசுக்குள் அடைக்கிற வெடிப்பொடிக் கலவைக்கு எங்கள் ஊரில் மருந்து என்றுதான் பெயர். கலப்பது, சலிப்பது, அடைப்பது என்று ஒவ்வொரு வேலையாகக் கற்று, பரீட்சை எழுதிப் போர்மேன் ஆனார். மதினியும் அதே கம்பெனியில் தரைச்சக்கரப் பட்டாசு சுற்றியவர்தான். ஆட்களை ஏற்றிப்போக வரும் கம்பெனி பஸ்ஸில் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கதையைக் கேட்டால் அண்ணாச்சிக்கு இப்போதும் காது சிவக்கும்.

போர்மேனாக அவரைப் பற்றி ஊரில் ஒரே பேச்சுதான். மிச்சம் வைக்க மாட்டார். சாயங்காலம் வேலை முடிந்து மணி அடித்தால், கலந்த மருந்து ஒரு சிட்டிகைகூட அறையில் கிடக்கக் கூடாது. கிடந்தால் அதை அழித்து, தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் ஒருவரும் பஸ் ஏற முடியாது. சீசன் நெருக்கடியில் முதலாளியே வந்து, "காலையில வந்து அடைச்சுக்கிடலாமே, கோட்டைச்சாமி" என்று சொன்னாலும் காதில் வாங்க மாட்டார். அவர் பார்த்த அறைகளில் ஒருவருக்கும் ஒரு விரல்கூடப் போனதில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குக் கர்வம் இருந்தது. இருக்கட்டுமே, அவரைவிட யாருக்கு அந்தக் கர்வத்துக்குத் தகுதி இருக்கிறது?

அவர் ஓய்வு பெற்ற மறுவருஷம் மதினிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் மாடிப்படியில், பிறகு அடுப்படியில், கடைசியில் கட்டிலில் புரண்டு படுத்தாலே வாங்கியது. நுரையீரல் இறுகிக்கொண்டே போகிறது, இனி வீட்டில் எந்நேரமும் ஆக்சிஜன் வேண்டும் என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். எதனால் வந்தது என்று அவர்களுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. அறையில் இருக்கும் காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கும் மிஷின் ஒன்றை எழுதிக் கொடுத்தார்கள். அது கரண்டில் ஓடுவது. அதனால் அவசரத்துக்கு ஒரு ஆக்சிஜன் சிலிண்டரும் பக்கத்தில் இருக்கட்டும் என்று நான் சொன்னேன்.

"சிஸ்டர், மருந்துல வெடியுப்பு எதுக்குப் போடுறோம்? நெருப்புக்கு ஆக்சிஜன் குடுக்கத்தான். அதை ஒரு குண்டுல அடைச்சு இவ தலைமாட்டுல வைக்கச் சொல்றீகளா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

ஆஸ்பத்திரியில் வார்டு வார்டாக வைத்திருக்கிறோம், ஒன்றும் ஆகாது என்றேன். அவர் அசையவில்லை. மிஷின் வரலாம், சிலிண்டர் வாசல்படி ஏறக்கூடாது. அப்படியானால் கரண்டு போனால் என்ன செய்வது என்று நானும் விடவில்லை. வீட்டிலிருந்த பழைய இன்வெர்ட்டர் அந்த மிஷினை அரைமணி, முக்கால்மணி தாங்கும், அவ்வளவுதான். அப்படித்தான் ஜெனரேட்டர் வந்தது. ஆலங்குளத்தில் கட்டிக்கொடுத்திருக்கும் மகள் மாரிச்செல்வி, மூடிப்போன அச்சாபீஸ் ஒன்றிலிருந்து டீசலில் ஓடும் சின்ன ஜெனரேட்டரை வாங்கி அனுப்பினாள்.

சாத்தூர் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் ஒச்சப்பன்தான் அதை வந்து பொருத்தினான். புகை வீட்டுக்குள் வந்தால் ஆளையே கொன்றுவிடும் என்று சொல்லிக் கொல்லையின் கடைசியில் தகரக் கூரைக்கடியில் வைத்து, புகைக்குழாயை ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் திருப்பினான். வாரம் ஒருநாள் பத்து நிமிஷமாவது ஓட்டணும், ஆயிலைக் குச்சியில் பார்க்கணும், பேட்டரித் தண்ணி குறைந்தால் ஊற்றணும், ஏர் பில்டரைத் தட்டித் தூசி எடுக்கணும் என்று வரிசையாகச் சொன்னான். அண்ணாச்சி போர்மேன் பரீட்சைக்குப் படித்ததைப் போலக் கேட்டுக்கொண்டார். ஒன்றைக்கூட அவர் தவறவிட்டதில்லை. அந்த ஜெனரேட்டர் துடைத்துத் துடைத்துப் புதுமாப்பிள்ளை மாதிரி இருந்தது.

இருந்தும் அது நம்ப முடியாத ஜெனரேட்டராக இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்ளும். அடுத்த வெள்ளிக்கிழமை இன்ஜின் சுற்றிக்கொண்டே இருக்குமே தவிர உயிர் வராது. ஒச்சப்பன் வருவான். டீசல் போகிற குழாயில் காற்று புகுந்துவிட்டது என்பான். டீசல் பில்டர்மேல் இருக்கும் திருகாணியைத் தளர்த்தி, கைப்பம்பை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றுவான். உடனே ஓடும். காற்று எங்கிருந்து வருகிறது என்பதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை. வாஷர் மாற்றினான். டீசல் குழாயை மாற்றினான். பில்டரை மாற்றினான். பத்து நாள் ஒழுங்காக இருக்கும், மறுபடியும் அதே கதை.

"இம்புட்டு வருசத்துல ஒரு மிஷின் என்னைய இப்படி அலைக்கழிச்சதில்ல, அண்ணாச்சி. எங்கனயோ மயிரிழை ஓட்டை இருக்கு, கண்ணுல சிக்க மாட்டேங்குது" என்று ஒச்சப்பன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றதை நான் சுவருக்கு இந்தப்பக்கம் இருந்து பார்த்திருக்கிறேன்.

ஐப்பசி மழையில் அது தெரிந்தது. அன்றைக்கு மத்தியானம் பராமரிப்பு வேலை என்று கரண்டை நிறுத்தியிருந்தார்கள். அப்போது ஜெனரேட்டர் நன்றாகவே ஓடியிருக்கிறது. ஆனால் கரண்டு வந்துவிடும் என்று அண்ணாச்சி ஜெனரேட்டரைக் கொஞ்சம் முன்னதாக நிறுத்தியதால், கரண்டு வரும்வரை மிஷினைத் தாங்கி இன்வெர்ட்டர் பேட்டரி பாதி தீர்ந்திருந்தது. பொழுது சாயும் நேரம் காற்றும் மழையும் சேர்ந்து அடித்தது. எங்கேயோ கம்பம் சாய்ந்து ஊரே இருண்டது. நான் குடையை விரித்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனபோது இன்வெர்ட்டர் கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்திருந்தது.

மதினி கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். கொல்லையில் ஜெனரேட்டர் சுற்றும் சத்தம் கேட்டது. சுற்றியது, நின்றது, சுற்றியது, நின்றது. பிடிக்கவில்லை. அதற்குள் இன்வெர்ட்டரும் அணைந்து ஆக்சிஜன் மிஷின் ஒரு முனகலோடு நின்றுபோனது. அந்த மிஷினின் இரைச்சலுக்கு நாங்கள் எல்லாரும் எவ்வளவு பழகியிருந்தோம் என்பது அது நின்ற பிறகுதான் தெரிந்தது.

நூற்றியெட்டுக்குப் போன் போட்டேன். ரோட்டில் மரம் விழுந்திருக்கிறது, சுற்றித்தான் வர வேண்டும் என்றார்கள். மதினியை முன்னால் சாய்த்து, மடியில் இரண்டு தலையணையை வைத்து அதன்மேல் கைகளைப் போடச் சொன்னேன். உதட்டைக் குவித்து மெதுவாக ஊதச் சொன்னேன். விரலில் மாட்டிய ஆக்சிஜன் அளக்கும் கருவியில் எண்பத்தாறு காட்டியது. பிறகு எண்பத்திரண்டு. ஆஸ்பத்திரியில் நான் எத்தனையோ பேருக்கு இதைச் செய்திருக்கிறேன். ஆனால் இவர் பக்கத்து வீட்டு மதினி, தினமும் சுவருக்கு மேலாகக் குழம்புக் கிண்ணம் நீட்டியவர். எனக்குப் பயமாக இருந்தது.

கொல்லையில் என் வீட்டுக்காரர் ஜெயசுந்தர் டார்ச்சைப் பிடித்திருந்தார். அண்ணாச்சி ஒச்சப்பனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, மழை படாமல் ஜெனரேட்டர்மேல் வைத்தார். ஜன்னல் வழியாக எனக்கு எல்லாமே கேட்டது.

"தரைப்பாலத்துல தண்ணி போகுது, அண்ணாச்சி. என்னால வண்டியில வர முடியாது. டேங்க்ல டீசல் இருக்கா?"

"இருக்குலே. இப்பத்தான் நெறைய ஊத்துனேன்."

"இப்பவா? மத்தியானம் ஓட்டுனதாச் சொன்னீக. அந்த டீசல் என்னாச்சு?"

"அதைத்தான் சாயங்காலம் எறக்கிட்டேனே."



"எறக்கிட்டீகளா? எதுக்கு எறக்குனீக?"

"ராத்திரிக்கு எப்படிலே அதை அங்கன விடுறது? தெனமும் எறக்கிருவேன். கேனை அந்தக் கோடியில மண்ணுக்குள்ள வச்சிருவேன். காலையில ஊத்திக்கிடுவேன். ராத்திரி கரண்டு போனாலும் ஊத்துறதுக்கு எம்புட்டு நேரமாகப் போகுது?"

"தெனமுமா?"

"தெனமும்தான்."

ஒச்சப்பன் திட்டவில்லை. அதற்கு நேரமும் இல்லை. டேங்க் வறண்டால் குழாயெல்லாம் காற்றுதான் நிற்கும், மேலே எவ்வளவு டீசல் ஊற்றினாலும் அந்தக் காற்றைத் தாண்டி இன்ஜினுக்குப் போகாது என்று இரண்டே வார்த்தையில் சொன்னான். அடியில் கொஞ்சம் டீசல் தங்கிப்போன நாளில் ஜெனரேட்டர் ஓடியது. அண்ணாச்சி சுத்தமாக இறக்கிய நாளில் ஓடவில்லை. இத்தனை மாசமாகக் கண்ணில் சிக்காத மயிரிழை ஓட்டை அவர் கைதான்.

ஜெயசுந்தர் எங்கள் ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துவர ஓடினார். ஒச்சப்பன் ஒவ்வொன்றாகச் சொன்னான். பில்டர்மேல் இருக்கும் திருகாணியை அரைச் சுற்றுத் தளர்த்துங்க. கைப்பம்பை அமுக்குங்க. நுரையா வருதா? வரட்டும். நிறுத்தாதீக. நுரை நின்னு வெறும் டீசலா வர்ற வரைக்கும் அமுக்குங்க. இப்ப முறுக்குங்க.

உள்ளே எழுபத்தெட்டு. மதினியின் உதடு நீலம் பூத்துவிட்டது. அவர் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பேச முடியாமல் என் கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் தள்ளினார். போய் அவரைப் பார் என்று சொல்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. நான் போகவில்லை.

இரண்டாம் தடவை சாவியைத் திருப்பியபோது அது திக்கித் திணறிப் பிடித்துக்கொண்டது. விளக்கு எரிந்தது. மிஷின் இரைய ஆரம்பித்தது. எண்பத்தைந்தைத் தாண்டும் வரைக்கும் நான் கருவியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதன் பிறகு கொல்லைக்குப் போனேன். அண்ணாச்சி டீசலும் மழையும் வழிய, ஓடுகிற ஜெனரேட்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

எனக்கு வந்த கோபத்தில் வயசைக்கூடப் பார்க்கவில்லை. "ஒங்க பத்திரத்தால அவுகளைக் கொல்லப் பாத்தீகளே, அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர்தான் என்னைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார். நூற்றியெட்டு சுற்றி வந்து சேர்ந்தபோது மதினிக்கு மூச்சு சீராகியிருந்தது.

மறுநாள் காலையில் அவரே சுவரோரமாக வந்தார்.

"செல்வக்குமார்னு ஒருத்தன். எனக்கு முந்தி மருந்து அறையில இருந்தவன். ரெண்டு பேரும் ஒரே தூக்குவாளியில சாப்புடுவோம். ஒருநா லோடு அவசரம்னு கலந்த மருந்தை ஈரச்சாக்குப் போட்டு மூடிவச்சுட்டு வந்துட்டாக. ராத்திரியெல்லாம் அது உள்ளுக்குள்ளயே சூடாயிருக்கு. காலையில அவன்தான் மொதல்ல போனான். நான் செருப்பைக் கழட்டிக்கிட்டு இருந்தேன்" என்றார்.

டீசல் அப்படி வெடிக்கிற சாமான் இல்லையே, அண்ணாச்சி, அது தானாகச் சூடாகாதே என்று மட்டும் சொன்னேன்.

"தெரியும், சிஸ்டர். எனக்கு நல்லாத் தெரியும். சாயங்காலமானா இந்தக் கைக்குத்தான் தெரிய மாட்டேங்குது."

நான் முந்தின நாள் சொன்ன வார்த்தைக்காக அழுதேன். எத்தனை பேரைக் காப்பாற்றிய பழக்கம் அது. அதே பழக்கம் அவர் மனைவியின் மூச்சை நிறுத்தப் பார்த்திருக்கிறது. இதில் யாரைப் போய்க் குற்றம் சொல்வது?

அன்று சாயங்காலம் துணி எடுக்கிற சாக்கில் நான் மாடியில் நின்றேன். அண்ணாச்சி கேனையும் ரப்பர் குழாயையும் எடுத்துக்கொண்டு தகரக் கூரைக்குப் போனார். டேங்க் மூடியில் கை வைத்தபடி நின்றார். எடுக்கவுமில்லை, திருப்பவுமில்லை. ஜன்னலிலிருந்து மதினியின் குரல் கேட்டது. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்.

"இங்கேருங்க. விட்டுட்டு வாங்க. வந்து எம் பக்கத்துல உக்காருங்க."

அவர் காலிக் கேனோடு திரும்பிப் போனார்.

அதற்குப் பிறகு டேங்க் எப்போதும் நிறைந்தே இருந்தது. ஜெனரேட்டரும் ஒருநாள்கூட மக்கர் செய்யவில்லை. ஒச்சப்பன் ஆயில் மாற்ற வரும்போது மட்டும் வந்தான். ஆனால் அண்ணாச்சி தன் கட்டிலை உள்ளேயிருந்து எடுத்துக் கொல்லையில், ஜெனரேட்டருக்கும் மதினியின் ஜன்னலுக்கும் நடுவில் போட்டுக்கொண்டார். ஏன் பனியில் கிடக்கிறீர்கள் என்று கேட்டேன். "ஆனது ஆகட்டும், எம்மேல ஆகட்டும்" என்றார். கார்த்திகை பிறந்ததும் அவரே என்னிடம் வந்து சிலிண்டர் ஒன்றுக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார். வந்த சிலிண்டரைச் சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டினார். அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை என்று மதினி சொன்னார்.

மதினியின் நுரையீரல் யார் சொல்லையும் கேட்காமல் இறுகிக்கொண்டே போனது. பொங்கலுக்கு மகள் வந்து பத்து நாள் இருந்துவிட்டு ஆலங்குளத்துக்குத் திரும்பினாள். இனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கூடாது என்று மதினி என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். நாங்கள் எல்லாரும் தயாராகத்தான் இருந்தோம். அப்படி நினைத்துக்கொண்டிருந்தோம்.

தை கடைசியில் ஒருநாள் எனக்கு லீவு. அண்ணாச்சி டீசல் வாங்கப் போகிறேன் என்று என்னை மதினி பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டுப் போனார். வெளியே போனால் யாரையாவது உட்காரவைக்காமல் அவர் போனதில்லை. நல்ல வெயில். மதினி கொஞ்சம் கஞ்சி குடித்தார். தலையைச் சீவிவிடச் சொன்னார். பாதி சீவும்போது அவர் தலை என் தோளில் சாய்ந்தது. நான் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். அப்படியே கொஞ்ச நேரம் பிடித்திருந்தேன். பிறகு சடையைப் பின்னி முடித்துவிட்டு, மூக்கிலிருந்த குழாயை எடுத்துவிட்டு, மிஷினை நிறுத்தினேன்.

அண்ணாச்சி வந்தபோது அந்த வீட்டில் சத்தமே இல்லை. வாசலிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. கேனைக் கீழே வைக்காமல் அறை வரைக்கும் வந்தார். மதினியின் முகத்தைப் பார்க்கவில்லை. நின்றுபோயிருந்த மிஷினைத்தான் பார்த்தார்.

"கரண்டு போச்சா, சிஸ்டர்?"

"இல்ல, அண்ணாச்சி."

"நான் கடையில நின்ன நேரம் போயிருச்சோ?"

"போகல. கரண்டு இருந்துச்சு. இப்பவும் இருக்கு, ஃபேனைப் பாருங்க. மிஷின் கடைசி வரைக்கும் ஓடுச்சு. அவுக மூச்சு அடங்குன பெறகு நான்தான் நிறுத்துனேன்."

அவர் அண்ணாந்து சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அதற்கப்புறம்தான் கேனைக் கீழே வைத்துவிட்டு, கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து, மதினியின் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார்.

அன்று துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அவர் அதையே சொன்னார். கம்பெனி ஆட்கள், சொந்தக்காரர்கள், தெருவில் இருப்பவர்கள், எல்லாரிடமும். "கரண்டு இருந்துச்சுய்யா. மிஷின் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு." வந்தவர்களுக்கு அது புரியவில்லை. துக்கத்தில் ஏதோ சொல்கிறார் என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள்.